மீன்களைப் பீடிக்கும் காச நோயும் மனிதர் நலமும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்துள்ள பள்ளிவாசல் பகுதியில் சித்திரபுரம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடமாகிய மூணாறு இதற்கு அண்மையில் இருக்கின்றது. முதிரப்புழை ஆற்றின் நீரைக்கொண்டு 1940 ஆம் ஆண்டில் மின்சார உற்பத்தி தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையமும் இப்பகுதியிலேயே உள்ளது. தேயிலைத் தோட்டங்களும், ஏலக்காட்டுச் சரிவுகளும், அணைகளும், ஓடைகளும் நிறைந்த இம்மலைநாட்டில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

நீர்வளம் மிக்க இத்தகைய இடங்களில் மீன் மூன்று வகையில் மக்களுக்குப் பயன்படுகின்றது. முதலாவது, அது குறைந்த விலையில் கிடைக்கும் சிறந்த புரத உணவு. இரண்டாவது, பள்ளிகளிலும் வீடுகளிலும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் அழகு மீனாக அது விளங்குகின்றது. மூன்றாவது, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் விடப்படும் கப்பி, கம்பூசியா போன்ற சிறு மீன்கள் கொசுப் புழுக்களைத் தின்று, மலேரியா முதலிய நோய்களைத் தடுக்கத் துணை செய்கின்றன. ஆகவே சுகாதாரக் களப் பணியாளர், மீன்வளத் துறைப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகிய அனைவருமே ஏதேனும் ஒரு சமயம் மீனையும் மீன் வாழும் நீரையும் கையால் தொட நேரிடுகின்றது.

இம்மீன்களைப் பீடிக்கும் நோய்களுள் ஒன்று, மனிதரின் காச நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவுடைய கிருமிகளால் உண்டாவதாகும். இதனைப் பொதுவாக மீன் காச நோய் என்பர். இப்பெயரைக் கேட்ட அளவில் இருவகைப் பிழைகள் நேர்வதுண்டு. மீன் உண்டால் காச நோய் வந்துவிடும் என அஞ்சி, நல்ல உணவைக் கைவிடுவது ஒரு பிழை. மீனின் நோய் மனிதனை என்ன செய்யும் என்று அலட்சியமாக இருந்து, கையில் தோன்றும் ஆறாத புண்ணை மாதக்கணக்கில் கவனியாது விடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், இந்நோயின் இயல்பைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நோயின் வரலாறு

மனிதரின் காச நோய்க் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1897 இல், பிரான்சு நாட்டில் பத்தாய்யோன், துய்பார், தேர் என்னும் மூவர், ஒரு குளத்தில் வாழ்ந்த கெண்டை மீன்களின் உடலில் கட்டிகள் இருப்பதையும், அக்கட்டிகளில் காச நோய்க் கிருமியை ஒத்த கிருமிகள் இருப்பதையும் கண்டனர். காச நோயாளி ஒருவரின் கோழையும் கழிவும் அக்குளத்தில் கலந்ததாலேயே மீன்களுக்கு இந்நோய் வந்தது என அவர்கள் கருதினர். மீனின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றே என்னும் எண்ணம் அக்காலத்தில் தோன்றியது. இது சரியன்று என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. மீனின் கிருமி வேறு, மனிதரின் காச நோய்க் கிருமி வேறு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த தனித்தனி இனங்களாகும்.

1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த மீன் காட்சிச் சாலையில் கடல் மீன்கள் மடிந்தபோது, ஜோசப் ஆரன்சன் என்பார் அவற்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தார். கடலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அதற்கு மைக்கோபாக்டீரியம் மேரினம் எனப் பெயரிட்டார். பெயர் கடலைச் சுட்டினும், நன்னீர் மீன்களிலும் இக்கிருமி மிகுதியாகக் காணப்படுகின்றது.

இக்கிருமி மனிதரையும் தாக்கும் என்பது ஒரு கால் நூற்றாண்டு கழித்தே தெரிய வந்தது. சுவீடன் நாட்டில் ஓரெப்ரோ நகரிலுள்ள நீச்சல் குளத்தில் நீந்தியவர்களுக்குத் தோலில் ஆறாத புண்கள் தோன்றின. நோர்டென், லினெல் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 1951 இல் அப்புண்களினின்று ஒரு கிருமியைப் பிரித்துப் புதிய இனம் எனக் கருதி வேறு பெயர் சூட்டினர். ஆரன்சன் முன்னரே மீனில் கண்ட கிருமியும் இதுவும் ஒன்றே எனப் பின்னர் விளங்கிற்று. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஒரே நீச்சல் குளத்தைச் சார்ந்து 290 பேருக்கு இத்தகைய புண் ஏற்பட்டதாக 1963 இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. வீட்டு மீன் தொட்டியைக் கழுவியதால் இந்நோய் வரும் என்பது 1962 இல் முதன்முதலாக எடுத்துக்காட்டப்பட்டது. நீச்சல் குளங்களில் குளோரின் இட்டுப் பராமரிக்கும் முறை சீர்திருந்திய பின்னர், குளங்களால் வரும் நோய் குறைந்தது. இன்று மீன் தொட்டிகளும், மீன் துப்புரவு செய்யும் தொழிலுமே இதற்குப் பெரும்பாலும் காரணமாக உள்ளன.

கிருமியின் இயல்பு

மைக்கோபாக்டீரியப் பேரினத்தைச் சேர்ந்த கிருமிகள் நுண்ணிய கோல் வடிவம் உடையவை. இவற்றின் மேலுறையில் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் மிகுதியாக இருக்கின்றது. இதனால் சாதாரணச் சாயங்கள் இவற்றில் எளிதில் ஏறுவதில்லை; ஏறிய சாயம் அமிலத்தால் கழுவினும் நீங்குவதில்லை. சீல், நீல்சன் என்பாரின் பெயரால் வழங்கும் சாயமேற்றும் முறை இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டதே. அதன்படி பரிசோதிக்கும்போது இக்கிருமிகள் உருப்பெருக்கியில் சிவந்த கோல்களாகத் தோன்றும். காச நோய், தொழு நோய், மீன் காச நோய் ஆகிய மூன்றின் கிருமிகளும் இம்முறையில் சிவப்பாகவே தோன்றுவன என்பதை இங்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

மீன்களைத் தாக்குவனவற்றுள் மேரினம், பார்ச்சூயிட்டம், கெலோனே ஆகிய மூன்று இனங்களும் முக்கியமானவை. இவற்றுள் கெலோனே என்பது 1903 இல் பெர்லின் நகரக் காட்சிச் சாலையின் ஆமைகளில் பிரீட்மான் என்பவரால் கண்டறியப்பட்டதாகும். மேரினம் மிதமான வேகத்தில் வளர்வது. சோதனைச் சாலையில் ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் அதன் கூட்டங்கள் கண்ணுக்குப் புலனாகும். இருளில் வளர்ந்தபோது வெளிறிய நிறமாக இருக்கும் அக்கூட்டங்கள், வெளிச்சம் பட்டவுடன் மஞ்சள் நிறம் அடைவது ஒரு சிறந்த அடையாளம்.

மேரினத்தின் மற்றொரு இயல்பு உஷ்ணநிலையைப் பற்றியது. இதற்கு மிகவும் ஏற்றது 30 முதல் 33 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பமாகும். மனிதரின் உள்ளுடல் வெப்பமாகிய 37 டிகிரியில் இது நன்கு வளர்வதில்லை. இந்த ஒரு செய்தியே இந்நோயைப் பற்றிய பல உண்மைகளை விளக்குகின்றது. நோய் ஏன் நுரையீரலைத் தாக்காது கை, முழங்கை, முழங்கால் முதலிய குளிர்ந்த உறுப்புக்களில் நின்றுவிடுகின்றது என்பதும், மனிதரின் காச நோய்க் கிருமியைத் தேடும் வழக்கமான சோதனையில் இது ஏன் தப்பிவிடுகின்றது என்பதும் இதனால் விளங்கும்.

மீன்களில் காணும் அறிகுறிகள்

150 க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் இந்நோய் காணப்பட்டுள்ளது. கெண்டை, தங்கமீன், கப்பி, சண்டை மீன், திலேப்பியா, விரால், டிரௌட் முதலிய எவ்வகை மீனும் இதற்கு விலக்கன்று. தாய்லாந்தில் வளர்க்கப்பட்ட விரால் மீன்களில் இந்நோய் பரவியது குறித்து 1990 இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. விரால் மீன் தமிழகத்திலும் கேரளத்திலும் விரும்பி உண்ணப்படுவதால், அச்செய்தி இங்குள்ளோரும் கருத்திற் கொள்ளத்தக்கது.

இந்நோய் பெரும்பாலும் மெதுவாக முற்றும் தன்மையது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீன்கள் மிதந்தால் அதற்கு நீரில் பிராணவாயுக் குறைவோ நஞ்சோ வேறு நோயோ காரணமாகலாம். மீன் காச நோயிலோ, வாரத்திற்கு ஒன்றிரண்டாக மீன்கள் மடியும். நோயுற்ற மீன் இரை எடுப்பது குறைந்து, கூட்டத்தினின்று விலகி ஓரத்தில் ஒதுங்கும். வயிறு ஒட்டி, முதுகு கத்தி போல் மெலியும். செதிள்கள் உதிரும், தோலில் புண் தோன்றும், நிறம் மங்கும், சில மீன்களுக்குக் கண் பிதுங்கும், சிலவற்றின் முதுகெலும்பு வளையும். இவ்வறிகுறிகள் யாவும் ஒரே மீனில் காணப்பட வேண்டுவதில்லை. புறத்தில் எவ்வித மாறுதலும் இன்றி நோயைத் தாங்கி நிற்கும் மீன்களும் உண்டு.

மடிந்த மீனை அறுத்துப் பார்த்தால், மண்ணீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகிய உறுப்புக்களில் கடுகளவிலான சாம்பல் நிற அல்லது வெண்ணிறக் கட்டிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். கிருமிகளை மேலும் பரவ விடாமல் உடலின் காப்பு உயிரணுக்கள் சூழ்ந்து நின்று அமைத்த அரண்களே அக்கட்டிகள். ஆயினும் கட்டிகளைக் கண்டவுடன் முடிவு செய்துவிடலாகாது. வேறு சில ஒட்டுயிர்களும் இவ்வாறான கட்டிகளை உண்டாக்கும். கட்டியை நசுக்கிச் சாயமேற்றிப் பரிசோதித்த பிறகே உறுதி செய்தல் முறை.

நோய் பரவும் விதம்

நோயுற்ற மீனின் மலமும், புண்ணும், மடிந்த உடலும் நீரில் கிருமிகளைச் சேர்க்கின்றன. மடிந்த மீனை மற்ற மீன்கள் கொத்தித் தின்பதால் நோய் விரைந்து பரவும். தொட்டியின் சுவரிலும் சரளைக் கற்களிலும் படியும் வழவழப்பான படலத்தில் கிருமிகள் நெடுங்காலம் தங்கும். உயிருள்ள இரையாகக் கொடுக்கப்படும் டியூபிபெக்ஸ் புழுக்கள் வாயிலாகவும் அவை வந்து சேரலாம்.

உணவின் வாயிலாக நோய் பரவுவதற்கு அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் நிகழ்ந்தது சிறந்த சான்றாகும். அங்குள்ள சால்மன் மீன் பண்ணைகளில், முட்டையிடுவதற்காகக் கடலினின்று ஆற்றுக்குத் திரும்பிவந்த பெரிய மீன்களின் குடல் முதலிய உறுப்புக்களைப் பச்சையாக அரைத்து, குஞ்சுகளுக்கு இரையாக இட்டு வந்தனர். வீணாகும் பொருளைப் பயன்படுத்தும் சிக்கனமான முறையாகவே அது தோன்றியது. ஆனால் 1950 களில் அக்குஞ்சுகளிலும், கடலுக்குச் சென்று வளர்ந்து திரும்பிய மீன்களிலும் காச நோய்க் கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. நோயுள்ள மீனின் உறுப்பே அடுத்த தலைமுறைக்கு நோயை ஊட்டிவந்தது. பச்சை உறுப்பைக் கொடுப்பது நிறுத்தப்பட்டு, சூடேற்றிப் பதப்படுத்திய இரை கொடுக்கப்பட்ட பின்னர் நோய் குறைந்தது. மீன் கழிவை வேக வைக்காது மீனுக்கு இரையாக இடலாகாது என்னும் விதியை இந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

மலை நீரும் சமவெளி நீரும்

நீலகிரியிலும் மூணாற்று மலைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் குளிர் நாட்டு மீனாகிய டிரௌட் கொண்டுவந்து விடப்பட்டது. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ஓடைகளில் வானவில் டிரௌட் இன்றும் வாழ்கின்றது. குளிர்ந்து விரைந்தோடும் இத்தகைய ஓடைகளில் மேரினம் இனத்திற்கு வேண்டிய வெப்பம் இல்லை. எனினும், கெலோனேயும் அதன் உறவினங்களும் அதனினும் குறைந்த வெப்பத்தில் வளரக்கூடியவை. மேற்கூறிய சால்மன் மீன்களின் நோய் குளிர்ந்த நீரில் உண்டானதே. ஆகவே குளிர் நீர் ஓரளவு பாதுகாப்பு அளிக்குமேயன்றி, முழுப் பாதுகாப்பு அளிக்காது.

பாலக்காட்டுச் சமவெளியிலுள்ள மலம்புழை போன்ற நீர்த்தேக்கங்களிலும், வெயிலில் காயும் பண்ணைக் குளங்களிலும் நிலைமை வேறு. அங்கு நீரின் வெப்பம் கிருமிக்கு உகந்ததாக இருக்கும் மாதங்கள் பல. மலையூரிலேயே இருப்பினும், வீட்டினுள் மின்சாரக் கருவியால் சூடாக்கப்படும் மீன் தொட்டியின் நீர் சமவெளி நீரை ஒத்ததே. மேலும், சென்னை கொளத்தூர் போன்ற அழகு மீன் சந்தைகளினின்று நெகிழிப் பைகளில் மலையூர்களுக்கு மீன்கள் வந்து சேருகின்றன. இத்தகைய வாணிகத்தில் பல பண்ணைகளின் மீன்கள் ஓரிடத்தில் கலந்து, பின்னர்ப் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்வதால், எங்கோ ஓரிடத்தில் இருந்த நோய் தொலைதூரம் செல்ல வழி ஏற்படுகின்றது. புதிதாக வாங்கிய மீன்களைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று நிபுணர் வற்புறுத்துவது இதனாலேயே.

மனிதரைத் தொற்றும் விதம்

தோலில் காயமோ சிராய்ப்போ இருக்கும்போது, கிருமியுள்ள நீர் அதில் படுவதாலோ, மீனின் முள்ளோ துடுப்போ குத்துவதாலோ இந்நோய் தொற்றுகின்றது. காயமற்ற தோலினூடே கிருமி நுழைவதில்லை. ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கு இது பரவுவதில்லை. ஆதலின் நோயுற்றவரை விலக்கி வைக்கவோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுக்கவோ காரணமே இல்லை.

காயம்பட்டு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னர், அவ்விடத்தில் சிவந்த சிறு கொப்புளமோ தடிப்போ தோன்றும். சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் தோன்றுவதுண்டு. அதற்குள் பழைய காயம் மறந்தே போயிருக்கும். தடிப்பு மெல்லப் பெரிதாகி, நீலங்கலந்த சிவப்பு நிறம் அடைந்து, மேற்புறம் சொரசொரப்பாகியோ உடைந்து புண்ணாகியோ நிற்கும். வலி பெரும்பாலும் குறைவு, காய்ச்சல் இராது. சிலருக்கு விரலிலிருந்து முன்கை நோக்கி, நிணநீர்க் குழாயின் வழியே மணிகள் கோத்தாற்போல் வரிசையாகக் கட்டிகள் தோன்றும். கவனியாது விட்டால் தசைநார் உறைகளையும் மூட்டுக்களையும் எலும்பையும் தாக்கி, விரலை மடக்க இயலாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். தேயிலைக் கொழுந்தைக் கையால் கிள்ளியே பிழைப்பு நடத்தும் ஒருவருக்கு விரல் முடங்குவது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டுவதில்லை. எச்.ஐ.வி. தொற்று உடையவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் நோய் கடுமையாகிப் பல இடங்களுக்குப் பரவக்கூடும்.

மீன் முள் குத்திய அன்றோ மறுநாளோ கை வீங்கிக் கடும் வலியும் காய்ச்சலும் தோன்றினால், அது இந்நோயன்று. விரைந்து பரவும் வேறு கிருமிகளால் அவ்வாறு நேரும். அதற்குத் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீன் காச நோயின் அடையாளம் மெதுவாக வளர்வதும், சாதாரணக் களிம்புகளுக்கு ஆறாமல் நிற்பதுமேயாகும்.

நன்கு வேகவைத்த மீனை உண்பதால் இந்நோய் வருவதில்லை. சமைக்கும் சூட்டில் கிருமி இறந்துவிடுகின்றது. மீன் உணவைத் தவிர்க்கச் சொல்லும் வதந்திகளுக்கு ஆதாரம் ஏதும் இல்லை. அபாயம் மீனைத் தின்பதில் இல்லை. அதனைக் கழுவி அறுக்கும்போது கையில் படும் காயத்திலேயே உள்ளது.

நோயை அறிவதில் நேரும் குழப்பம்

இந்நோயின் புண்ணினின்று எடுத்த பொருளைச் சாயமேற்றிப் பார்த்தால், சிவந்த கோல்கள் தென்படலாம். அவற்றைக் கண்டு தோலின் காச நோய் என்றோ, தொழு நோய் என்றோ முடிவு கட்டிவிட்டால் நோயாளிக்கு இருவகைத் தீங்கு நேரும். வேண்டாத மன வேதனை ஒன்று. பயனற்ற சிகிச்சை மற்றொன்று. காச நோய்க்குக் கொடுக்கப்படும் பைரசினமைடு இக்கிருமியை ஒன்றும் செய்வதில்லை. ஐசோனியசிடும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. காச நோயைக் கண்டறியச் செய்யப்படும் டியூபர்க்குலின் சோதனை இந்நோயிலும் நேர்விடை காட்டக்கூடும். இதற்கு மாறாக, மாவட்டங்களில் இப்போது வழக்கிலுள்ள மரபணுச் சோதனைகள் மனிதரின் காச நோய்க் கிருமிக் குழுவை மட்டுமே தேடுவன. அவை இக்கிருமியைக் காட்டுவதில்லை. சாயமேற்றிய சோதனையில் கிருமி தெரிந்து, மரபணுச் சோதனையில் காச நோய் இல்லை என்று வந்தால், இவ்வினத்தைப் பற்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான முறை. ஆனால் சோதனைச் சாலைகளில் வழக்கமாகப் பயன்படும் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், மேரினம் வளராமலே போய், கிருமி இல்லை என்னும் தவறான முடிவு கிடைக்கும். ஏறக்குறைய 30 டிகிரியிலும் ஒரு பகுதியை வளர்க்க வேண்டும். அவ்வாறு செய்ய வேண்டுமானால், நோயாளிக்கு மீனோடும் நீரோடும் உள்ள தொடர்பு சோதனைச் சாலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் புண் தோன்றுவதற்கு முன்னைய மாதங்களில் மீன் தொட்டி கழுவியதுண்டா, மீன் அறுத்ததுண்டா, முள் குத்தியதுண்டா என்று களப் பணியாளர் கேட்டுக் குறித்தனுப்பும் ஒரு வரி, நோயாளிக்குப் பல மாதத் துன்பத்தை மிச்சப்படுத்தும்.

சிகிச்சை

நோய் குணப்படுத்தத்தக்கது. கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ரிபாம்பிசின், எத்தாம்பியூட்டால் முதலிய மருந்துகளுள் ஏற்றவற்றை மருத்துவர் தேர்ந்து கொடுப்பர். ஆழமான நோய்க்கு இரு மருந்துகள் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். சிகிச்சை பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்கள் நீடிக்கும். புண் ஆறிய பிறகும் ஒன்றிரண்டு மாதங்கள் மருந்தைத் தொடர்தல் வேண்டும். புண் மறைந்தவுடன் மருந்தை நிறுத்துவது நோய் மீள்வதற்கு வழி செய்யும்.

மீனுக்கோ பயன் தரும் சிகிச்சை நடைமுறையில் இல்லை. பண்ணையில் மருந்துகளை நீரில் கலப்பது நோயை நீக்காததுடன், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் தோற்றுவிக்கும். நோயுற்ற மீன்களை அகற்றித் தொட்டியைத் தூய்மை செய்து புதிதாகத் தொடங்குவதே சிறந்த வழி. எல்லாக் கிருமிநாசினிகளும் இதற்கு உதவுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. மெழுகு உறையின் காரணமாக, நான்காம்நிலை அம்மோனியச் சேர்மங்கள் கலந்த சில துப்புரவுத் திரவங்களுக்கு இக்கிருமி அசைவதில்லை. குறைந்த அளவிலான குளோரினையும் தாங்கி நிற்கின்றது. 70 விழுக்காடு ஆல்கஹால் வலைகளையும் கருவிகளையும் தூய்மை செய்ய ஏற்றது. கழுவிய பின் வெயிலில் நன்றாக உலர்த்துவது யாவர்க்கும் எளிய துணைமுறையாகும்.

செங்கற்பட்டு ஆராய்ச்சி கற்பித்த பாடம்

நீரிலும் மண்ணிலும் வாழும் இவ்வகைக் கிருமிகள் புண்ணை உண்டாக்காமலே மனிதர் நலத்தைப் பாதிக்கக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிவதற்காகச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை ஒரு மாபெரும் ஆராய்ச்சி தொடங்கி நடத்தப்பட்டது. 3,60,000 க்கும் மேற்பட்ட மக்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஏழரை ஆண்டுகள் கவனித்தபின் 1979 இல் வெளியான முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காச நோயைத் தடுப்பதில் தடுப்பூசி பயன் தரவில்லை எனக் கூறியது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவும் பெரும்பாலும் அதனையே உறுதி செய்தது.

இதற்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் முக்கியமானது சூழல் கிருமிகளைப் பற்றியது. அப்பகுதி மக்கள் இளமை முதலே நீரிலும் மண்ணிலுமுள்ள மைக்கோபாக்டீரியங்களோடு பழகி, ஒருவகை எதிர்ப்புச் சக்தியை முன்னரே பெற்றிருந்ததால், தடுப்பூசியின் கூடுதல் பயன் புலப்படவில்லை என்பது அவ்விளக்கம். பின்னர்ச் சென்னையிலுள்ள காச நோய் ஆராய்ச்சி நிலையத்தார் அப்பகுதியின் மண், நீர், தூசி ஆகியவற்றை ஆராய்ந்து, பலவகைச் சூழல் மைக்கோபாக்டீரியங்களைப் பிரித்தெடுத்தனர். மீன்களைத் தாக்கும் பார்ச்சூயிட்டம் குழுவைச் சேர்ந்தவை மண்ணில் மிகுதியாக இருந்தன. பி.சி.ஜி. ஊசி குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காச நோயினின்று காப்பதால், அதனைப் பிறந்த குழந்தைக்குப் போடுவது இன்றும் இன்றியமையாததே. மேற்கூறிய ஆராய்ச்சி அதற்கு எதிரானதன்று.

ஆராய்ச்சிக்கு உதவும் சிறு மீன்

மீனின் இந்நோய் மனிதருக்கு ஒரு நன்மையும் செய்துள்ளது. கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனை, 1822 இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் நூலில் விவரித்தார். இதன் குஞ்சுகள் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் உடல் உடையவை. இவற்றில் மேரினம் கிருமியைச் செலுத்தினால், நோய்க் கட்டி உருவாகும் விதத்தை உயிருள்ள உடலிலேயே உருப்பெருக்கியால் காண இயலும். இந்தியாவில் பிறந்த அறிவியலறிஞர் லலிதா ராமகிருஷ்ணன் இம்முறையைக் கையாண்டு பல உண்மைகளை வெளிப்படுத்தியுள்ளார். கிருமியைச் சிறைப்படுத்தும் அரணாகவே கருதப்பட்டுவந்த நோய்க் கட்டி, நோயின் தொடக்கத்தில் கிருமி பெருகவும் பரவவும் இடமளிக்கின்றது என்று 2009 இல் அவரும் அவருடன் பணியாற்றியவரும் காட்டினர். மேரினத்தின் மரபுப் பொருள் முழுவதும் 2008 இல் படித்தறியப்பட்டபோது, அது மனிதரின் காச நோய்க் கிருமிக்கு எத்துணை நெருங்கிய உறவுடையது என்பதும் உறுதியாயிற்று.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் பின்வருவனவற்றைத் தாமும் கைக்கொண்டு, மக்களுக்கும் எடுத்துரைத்தல் நலம்.

1. கையில் காயமோ வெடிப்போ இருக்கும்போது மீன் தொட்டியிலும் மீன் வளர்க்கும் நீரிலும் கையை விடலாகாது. கொசுப்புழு ஒழிப்புக்காகக் கப்பி மீன்களைப் பிடித்து விடுவோர் வலையையும் ரப்பர் கையுறையையும் பயன்படுத்த வேண்டும்.

2. தொட்டி நீரை வாயால் உறிஞ்சிக் குழாய் வழியே வெளியேற்றும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். தொட்டி நீரைச் சமையலறைப் பாத்திரம் கழுவும் இடத்தில் கொட்டலாகாது.

3. மீன் அறுத்தபின் கைகளைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். முள் குத்தினால் உடனே கழுவி, நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

4. பள்ளித் தொட்டியில் மெலிந்த மீனையும் மடிந்த மீனையும் உடனே அகற்ற வேண்டும். மடிந்தவற்றை ஓடையில் எறியாது, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். தொட்டியைக் கழுவும் வேலையைச் சிறு பிள்ளைகளிடம் விடலாகாது.

5. கொசு ஒழிப்புக்கு மீன் வழங்கும் தாய்க் குளங்களை அவ்வப்போது பரிசோதித்து, நோயுள்ள குளத்தினின்று மீன் எடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு குளத்தின் நோய் ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் சென்றுவிடாமல் காக்க இதுவே வழி.

6. கை, முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத தடிப்பு இருப்பின், மீனோடும் நீரோடும் உள்ள தொடர்பைக் குறித்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மீன் மலிவான நல்ல உணவு. கொசுவை ஒழிக்கும் துணை. பள்ளிச் சிறுவருக்கு உயிரியலைக் கற்பிக்கும் கருவி. இப்பயன்களை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. காயமுள்ள கையை நீரினின்று விலக்குவதும், ஆறாத புண்ணைக் காலத்தில் காட்டுவதும் ஆகிய இரண்டு சிறு பழக்கங்கள் பரவினால், இந்நோயால் எவரும் விரலை இழக்க வேண்டுவதில்லை. மருத்துவரும் சோதனைச் சாலையும் தொலைவில் உள்ள மலையூர்களில் இப்பழக்கங்களை வேரூன்றச் செய்ய வல்லவர்கள், வீடு வீடாகச் செல்லும் களப் பணியாளரும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருமே ஆவர்.